விடுமுறையில் கம்ப்யூட்டரைப் பூட்டாதீர்கள். ஹாலுக்குக் கொண்டு வாருங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலை, கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, அப்பா பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார். அல்லது, "பத்து நாள் லீவுதானே, விளையாடிக்கோ" என்று மவுஸை அப்படியே பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அம்மா சமையலறைக்கும் அப்பா டி.வி.க்கும் போய்விடுகிறார்கள். முதல் வீட்டில் பிள்ளை பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறது. இரண்டாவது வீட்டில் பிள்ளை வீட்டில் இருந்தும் இல்லாமல் போகிறது. இரண்டும் தவறு என்பது என் கருத்து. கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேர்ந்து வரும் இந்த விடுமுறையில்தான் ஒரு புதிய கம்ப்யூட்டரை வீட்டு மனிதராக மாற்ற முடியும். அதற்கு ஒரே நிபந்தனை, அதன் முன் யாரும் தனியாக உட்காரக் கூடாது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்க வேண்டும்.

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு 2008ல் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது எனக்குப் பத்து வயது. பெரிய தலையுடன் கூடிய பழைய மாதிரி மானிட்டர். அதற்கு அம்மா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். அப்பாவின் அறையில், அப்பாவின் அனுமதியுடன், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் உறை கழற்றப்படும். அந்த டிசம்பரில் அச்சு முறுக்கு சுட்டுக் கொண்டிருந்த ஆச்சிதான், "அந்தப் பெட்டியப் பிள்ளைக்குக் குடுத்தா தேஞ்சா போயிரும்?" என்று கேட்டார்கள். மறுநாள் கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. ஜன்னல் ஓரம் குடில், அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆனதற்குக் கல்லூரியைவிட அந்த இடமாற்றம்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். அதே கம்ப்யூட்டரில் நான் செய்த ஒரு பெரிய பிழையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. விடுமுறை வந்ததும் "உங்கள் ஆறு வயதுக் குழந்தையும் புரோகிராம் எழுதலாம்" என்று வகுப்புகளுக்கு விளம்பரங்கள் வரும். பணம் கட்டாதீர்கள். சம்பளத்துக்குப் புரோகிராம் எழுதுபவன் என்பதால் சொல்கிறேன், ஆறு வயதுக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை. தேவையானவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் டக்ஸ் பெயின்ட் என்ற இலவச ஓவிய புரோகிராமை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடுங்கள். 2002 முதல் வெளிவருகிறது. மெனுவைத் தமிழிலும் மாற்றிக் கொள்ளலாம். இதை முழுத் திரையில் இயக்கினால், குழந்தை எங்கோ கிளிக் செய்து உங்கள் அலுவலக பைலை அழித்துவிடுமோ என்ற பயம் குறைவு. சேவ் செய்யும்போது பைல் பெயர்கூடக் கேட்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலை நினைவில் வையுங்கள். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அது. பெரிய பிள்ளைகளுக்கும் கண் ஓய்வு தேவை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஹாலில் இருந்தால் வாசலில் தொங்கும் ஸ்டாரையே பார்க்கலாம்.

ஐந்து குச்சி, ஒரு பூனை

ஸ்டார் என்றதும் எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஸ்டாரைக் கடையில் வாங்க மாட்டார்கள். சித்தப்பா ஒரே நீளத்தில் ஐந்து மூங்கில் குச்சிகளைச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து முனைகளைக் கட்டுவார். அது போல இன்னொன்று. இரண்டையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து, நடுவில் சின்னக் குச்சிகளைக் கொடுத்து விரித்து, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு போட்டால் ஸ்டார் தயார். இதில் கவனிக்க வேண்டியது, ஐந்து முனை கொண்ட நட்சத்திரம் என்பது வெறும் ஐந்து நேர்கோடுகள்தான். பேனாவை எடுக்காமல் போட்டுவிடலாம்.

இதையே கம்ப்யூட்டரில் செய்ய, அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007ல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற இலவச புரோகிராம் போதும். இன்டர்நெட் எப்போதும் இருக்காது என்றால் அவர்கள் தளத்திலிருந்தே விண்டோஸுக்கான பதிப்பை டவுண்லோட் செய்து வைத்துக் கொள்ளலாம். இதில் கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. கலர் கட்டைகளை மவுஸால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். திரையில் ஒரு பூனை நிற்கும். நீங்கள் சொன்னபடி அது நடக்கும். இடது கீழ் மூலையில் உள்ள பட்டனைக் கிளிக் செய்து 'பென்' என்பதைச் சேர்த்துக் கொண்டால், பூனை போகும் வழியெல்லாம் கோடு விழும்.

ஆனால் உடனே கம்ப்யூட்டரில் உட்கார வேண்டாம். முதலில் பிள்ளையை ஹாலின் நடுவில் நிற்க வையுங்கள். சாக்பீஸ் ஒன்றைக் கொடுங்கள். "ஐந்து அடி நட, திரும்பு, ஐந்து அடி நட" என்று அப்பா கட்டளை இடட்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதுதான் கேள்வி. ஜியோமெட்ரி பாக்ஸில் சும்மா கிடக்கும் கோணமானிக்கு அன்றுதான் உண்மையான வேலை வரும்.

விடை 144 டிகிரி. ஏன்? நட்சத்திரத்தைப் போட்டு முடித்துப் பழைய இடத்துக்கு வரும்போது பிள்ளை இரண்டு முழுச் சுற்று சுற்றியிருக்கும். அதாவது 720 டிகிரி. ஐந்து திருப்பம் என்பதால் ஒவ்வொன்றும் 144. ஒரே ஒரு சுற்றில் முடித்தால் 360ஐ ஐந்தால் வகுத்து 72 வரும். 72 கொடுத்தால் ஸ்டார் வராது, ஐங்கோணம் வரும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் 36 என்பார்கள். முனையில் தெரியும் உள்கோணம் அதுதானே? பூனைக்கு 36 கொடுத்துப் பாருங்கள். பாதி வளையல் போல ஒன்றைப் போட்டுவிட்டு நிற்கும். இந்தத் தவறை நீங்கள் திருத்தாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. இந்த விடுமுறையின் மிக நல்ல ஒரு மணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

புரோகிராம் இவ்வளவுதான்: பழைய கோடுகளை அழிக்க 'இரேஸ் ஆல்', பேனாவை வைக்க 'பென் டவுன்', அதன்கீழ் 'ரிபீட்' கட்டையில் 5. அந்தக் கட்டையின் வாய்க்குள் 'மூவ்' 150, 'டர்ன்' 144. கிளிக் செய்தால் ஸ்டார் வந்துவிடும். படத்தின் மேல் பூனை உட்கார்ந்திருந்தால் 'ஹைட்' கொடுங்கள்.

சென்ற டிசம்பரில் அக்கா வீட்டில் இதைச் செய்தோம். அக்கா மகள் ஏழாம் வகுப்பு. ஐந்து முனை முடிந்ததும் எட்டு முனை கேட்டாள். எட்டு முறை, 135 டிகிரி என்றேன். அழகாக வந்தது. பிறகு தானாகவே ஆறு முனைக்குப் போனாள். 720ஐ ஆறால் வகுத்து 120 கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இது முக்கோணத்துலயே சுத்திக்கிட்டு நிக்குது" என்று கூப்பிட்டாள். நிற்கத்தான் செய்யும். மூன்றாவது திருப்பத்திலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆறு முனை நட்சத்திரத்தை இப்படி ஒரே அளவாகத் திரும்பித் திரும்பிப் போட முடியாது. ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொரு தலைகீழ் முக்கோணம் வைக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பேனாவைத் தூக்கி, பூனையை நகர்த்தி, நான்கைந்து முறை தவறான இடத்தில் போட்டு, கடைசியில் சரியாகப் போட்டாள். சமையலறையில் இருந்த அக்கா மாவுக் கையோடு வந்து பார்த்துவிட்டு, "இது கோலத்துல போடுறதுதானே" என்றார். இத்தனை வருடம் புள்ளி வைத்துக் கோலம் போட்ட அக்காவுக்கு, தான் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமில்லாதவர் என்று ஒரு எண்ணம் இருந்தது. அன்று மாலை அவரும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நோட்பேட் மரமும் ஒரு பழைய வைரஸ் கதையும்

இன்னும் எளிதாக ஒன்று வேண்டுமென்றால் நோட்பேடைத் திறந்து, நட்சத்திரக் குறியை மட்டும் வைத்து ஒரு கிறிஸ்துமஸ் மரம் வரையச் சொல்லுங்கள். முதல் வரியில் 1, அடுத்ததில் 3, பிறகு 5, 7 என்று நடுவாக வர வேண்டும். எழுத்துரு கூரியர் நியூ அல்லது கன்சோலாஸ் ஆக இருக்கட்டும். மற்ற எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு அகலம் இருப்பதால் மரம் ஒரு பக்கமாகச் சாயும். நான்கு வரி முடிந்ததும் மொத்தம் எத்தனை குறி என்று எண்ணச் சொல்லுங்கள்: 16. ஐந்து வரிக்கு 25, ஆறு வரிக்கு 36. ஏன் இப்படி வருகிறது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த மரத்துக்கு ஒரு கதை உண்டு. 1987 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு மாணவர் எழுதிய சிறிய புரோகிராம் பலருக்கு மெயிலில் வந்தது. அதை இயக்கினால் திரையில் குறிகளால் ஆன ஒரு கிறிஸ்துமஸ் மரமும் வாழ்த்தும் தெரியும். பெறுபவர் மகிழ்ந்து கொண்டிருக்கும்போதே, அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அது தன்னைத் தானே அனுப்பிக் கொள்ளும். கிறிஸ்ட்மா எக்ஸெக் என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட்டிலும் ஐ.பி.எம். நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கிலும் பரவி அவற்றைத் திணற அடித்தது.

அப்போது மெயிலில் வந்தது இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. "உங்கள் பெயரில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து, தொட்டுப் பாருங்கள்", "புத்தாண்டுப் பரிசு பெற இதை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று வரும் லிங்குகளையும் ஏ.பி.கே. பைல்களையும் திறக்கவே வேண்டாம். அனுப்பியவர் சொந்தச் சித்தியாகவே இருந்தாலும் வேண்டாம். 1987லும் அனுப்பியவர்கள் தெரிந்தவர்கள்தான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திடுங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன? தாத்தாவுக்கு வரும் வாழ்த்துகளில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு என்று சொல்லுங்கள். நாம் சொன்னால் கேட்காத தாத்தா, பேரன் சொன்னால் கேட்பார்.

வாழ்த்து அட்டை

அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் அட்டை 1843ல் லண்டனில் வந்தது. ஹென்றி கோல் என்பவருக்குப் பதில் எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் தனித்தனியே எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்து அனுப்பினார். ஆக, முதல் 'பார்வர்ட்' அதுதான். அதனால் பார்வர்ட் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீட்டில் இருந்து அதே ரோஜாப்பூ, அதே பனிமனிதன் படங்கள் போவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நம் ஊரில் பனி எங்கே பெய்தது? உங்கள் வீட்டுக் குடிலையே படம் எடுத்துப் போடுங்கள்.

அட்டை செய்ய லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போதும், இலவசம். பக்கத்தை ஏ4, லேண்ட்ஸ்கேப் என்று வைத்து இரண்டு காலமாகப் பிரித்துக் கொள்ளுங்கள். இங்கேதான் எல்லாரும் தவறுவார்கள். அட்டையின் முன் பக்கம் வலது காலத்தில் வர வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து, முன், பின், உள் என்று பென்சிலால் எழுதி, பிறகு விரித்துப் பாருங்கள். உடனே புரியும். பின்னணிக்குச் சிவப்பு அடிக்காதீர்கள். இங்க் தீர்ந்துவிடும், தாளும் ஈரத்தில் சுருளும். வெள்ளையாக விட்டு ஓரத்தில் படம் வையுங்கள்.

வீட்டில் பிரின்டர் இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்லும் முன் பி.டி.எப்.ஆக எக்ஸ்போர்ட் செய்திடவும். நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு கடைக்காரர் கம்ப்யூட்டரில் இல்லை என்றால் எழுத்துகள் இடம் மாறியோ, வேறு உருவிலோ வந்து நிற்கும். பி.டி.எப்.பில் அந்தத் தொல்லை இல்லை. தமிழில் டைப் செய்ய, விண்டோஸின் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்துக் கொண்டால் கீபோர்டும் கூடவே வரும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழில் பெறும் முறையும் உண்டு. பிள்ளைகளுக்குத் தமிழ்99 முறையைப் பழக்கிவிடுங்கள் என்பேன். 1999ல் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. ஒரு வாரம் கஷ்டம், பிறகு வாழ்நாள் முழுக்க வேகம்.

கிறிஸ்துமஸ் தாத்தா இப்போது எங்கே?

டிசம்பர் 24 அன்று நோராட் அமைப்பின் தளத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா எந்த நாட்டின் மேல் பறக்கிறார் என்று மேப்பில் காட்டுவார்கள். நோராட் என்பது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் வான் பாதுகாப்புப் படை அமைப்பு. 1955ல் கொலராடோவில் ஒரு கடை விளம்பரத்தைப் பார்த்து ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் போன் செய்ய, அழைப்பு அப்போதைய வான் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட்டதாகவும், அங்கே இருந்த கர்னல் ஹாரி ஷூப் சமாளித்துப் பேசியதாகவும் சொல்வார்கள். அந்த வழக்கத்தை இராணுவம் இன்று வரை தொடர்கிறது.

மேப்பை வெறுமனே வேடிக்கை பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, எந்த ஊரில் இரவு 12 மணி அடிக்கும்போது நம் கடிகாரத்தில் என்ன நேரம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். உலகில் முதலில் கிறிஸ்துமஸ் பிறக்கும் இடங்களில் ஒன்று பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் ஒரு தீவு. அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு 24ஆம் தேதி மாலை 3.30. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தீவின் பெயரே கிறிஸ்துமஸ்தான். 1777ல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கேப்டன் குக் அங்கு வந்து சேர்ந்ததால் வந்த பெயர். சிங்கப்பூரில் நள்ளிரவு நமக்கு இரவு 9.30. துபாயில் 1.30. லண்டனில் விடியற்காலை 5.30. நியூயார்க்கில் காலை 10.30. கடைசியாக அமெரிக்க சமோவாவில் கிறிஸ்துமஸ் பிறக்கும்போது நமக்கு 25ஆம் தேதி மாலை 4.30 ஆகியிருக்கும்.

இதில் ஒரு பயனும் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பெரியப்பா, சிங்கப்பூர் அத்தை, இவர்களுக்கெல்லாம் எப்போது வீடியோ கால் போடலாம் என்ற அட்டவணையைப் பிள்ளையே தயாரித்துவிடும். விண்டோஸில் நேரம் தொடர்பான செட்டிங்ஸில் 'அடிஷனல் கிளாக்ஸ்' என்று ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கடிகாரம் இரண்டை அதில் சேர்த்துக் கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒன்று எப்போதும் துபாய்தான். சித்தப்பா மகன் அங்கே டிசம்பர் 25 அன்றும் டியூட்டி பார்ப்பவன். அவனுக்கு நேரம் தெரியாமல் போன் செய்து தூக்கத்தைக் கெடுத்த பாவம் எனக்கு உண்டு.

ஆச்சியின் குரல்

இத்தனையும் செய்ய நேரமில்லை, ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரின் குரலைப் பதிவு செய்யுங்கள்.

2009 கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், பத்து ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் ஸ்டூலில் ஆச்சி, பக்கத்தில் ஹெட்போன் மைக்கைப் பிடித்துக் கொண்டு நான். அச்சு முறுக்கு எப்படிச் சுடுவது என்று கேட்டேன். அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, எள் என்று தொடங்கினார்கள். அச்சை முதலில் எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்க வேண்டும், சூடு இல்லாவிட்டால் மாவு பிடிக்காது, மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும், முழுதும் முக்கினால் முறுக்கு அச்சை விட்டு வராது என்றார்கள். பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ், அந்த வருடம் எண்ணெய் கிடைக்காதது, தாத்தா சைக்கிளில் மூன்று கடை அலைந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் பதிவானது. நான் அதை 'ஆச்சி' என்று பெயரிட்டு மை டாக்குமெண்ட்ஸில் சேவ் செய்தேன்.

2011ல் ஆச்சி இறந்துவிட்டார்கள். 2012ல் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு. பதினான்கு வயது. பாட்டு, படம் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன், சி டிரைவில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து பார்மட் செய்து, மறுபடி விண்டோஸைப் பதிந்தேன். மை டாக்குமெண்ட்ஸ் போல்டர் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது மறுநாள்தான் உறைத்தது. அழிந்ததை மீட்கும் புரோகிராம்களைப் போட்டுப் பார்த்தோம். புதிய விண்டோஸ் அந்த இடத்தின் மேல் எழுதிவிட்டிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு சிறு துண்டு மட்டும் தப்பியது. அத்தை அந்தப் பதிவில் இருந்து, ஆச்சி சிரித்துக் கொண்டே "போலே அங்கிட்டு" என்று என்னைத் துரத்தும் இடத்தை வெட்டித் தன் போனில் ரிங்டோனாக வைத்திருந்தார். அந்தப் பழைய போனின் மெமரி கார்டில் 38 விநாடி. அச்சு முறுக்குப் பக்குவம் அதில் இல்லை. சைக்கிளில் தாத்தா அலைந்ததும் இல்லை.

எனவே, எப்படிப் பதிவு செய்வது என்பதைவிட, பதிவு செய்த பின் என்ன செய்வது என்பதை முதலில் சொல்கிறேன். ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை. மூன்று இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ, இன்னொன்று வேறு வீட்டில் அல்லது இன்டர்நெட் டிரைவில். பைலுக்கு வெறும் 'ஆச்சி' என்று பெயர் வைக்காதீர்கள். வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணைப் போட்டு, பிறகு பெயர், பிறகு விஷயம் எழுதுங்கள். அப்படி எழுதினால் போல்டரில் பைல்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும். இடம் போதாதோ என்ற கவலையும் வேண்டாம். சாதாரண எம்.பி.3 பைலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. போதும். ஒரு மணி நேரம் பேசினாலும் 60 எம்.பி.தான். போனில் எடுக்கும் ஒரு சிறிய வீடியோவே இதைவிடப் பெரிதாக இருக்கும்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் நல்லது. போனிலேயே பதிவு செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றினாலும் தவறில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், டி.வி.யை அணையுங்கள், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். காற்றுச் சத்தம் விழாது. "ஒரு கதை சொல்லுங்க ஆச்சி" என்று கேட்காதீர்கள். மைக்கைப் பார்த்ததும் பெரியவர்கள் பிரசங்கம் போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கையில் ஒரு வேலை இருக்கட்டும். முறுக்குச் சுடும்போது, பூ கட்டும்போது, குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது கேளுங்கள். கேள்வி பிள்ளைகளிடம் இருந்து வரட்டும். "உங்க அம்மா என்ன சொல்லித் திட்டுவாங்க?" என்று அக்கா மகள் ஒரு முறை அவளுடைய தாத்தாவிடம் கேட்டாள். நான் ஐம்பது கேள்வி எழுதி வைத்திருந்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது. தாத்தா இருபது நிமிடம் பேசினார்.

மறுநாள் அதைக் கேட்டு, பக்குவத்தைப் பிள்ளை தமிழில் டைப் செய்யட்டும். 'ஒரு கை மாவு' என்றால் எத்தனை கிராம் என்ற சண்டை வரும். வரட்டும். தராசை எடுத்து அம்மாவின் ஒரு கையையும் ஆச்சியின் ஒரு கையையும் நிறுத்துப் பார்த்தால் வேறு வேறு எடை காட்டும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

நான் இப்போது ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் அந்த வருடத்துப் போட்டோ, குரல், வீடியோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, மேலே வருடத்தை மார்க்கரால் எழுதி, தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டு அலமாரியில் வைக்கிறேன். பழைய பென் டிரைவ்களும் அங்கேயே இருக்கின்றன. அவற்றையும் கம்ப்யூட்டரில் சொருகி, திறக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். முதல் பென் டிரைவில் ஒரே ஒரு பைல்தான் இருக்கிறது. 38 விநாடி. சித்தப்பா ஒவ்வொரு வருடமும் அதைத்தான் முதலில் போடச் சொல்வார்.